990-இல் நிற்கும் சிக்னல் ஜெனரேட்டர், 2400 வேண்டும்: பெட்டியைத் திறப்பதா, வெளியே கட்டுவதா?

"கையில் ஒரு பழைய சிக்னல் ஜெனரேட்டர் இருக்கிறது. 990 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. எனக்கு 2400 வேண்டும். உள்ளே எதையாவது மாற்றினால் வருமா அண்ணே?"

பினாங்கில் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. சிக்னல் ஜெனரேட்டர் என்பது வேண்டிய அதிர்வெண்ணில், வேண்டிய அளவில் சோதனைச் சிக்னல் தரும் கருவி. நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். பகலில் பாயான் லெப்பாஸில் டெக்னீஷியனாக வேலை பார்த்துவிட்டு, இரவில் அமெச்சூர் வானொலி முன்னால் உட்காருகிறவர்களும் கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறக்காதீர்கள். வேண்டிய அதிர்வெண்ணை வெளியே கட்டுங்கள், முடிந்தால் மிக்சர் (இரண்டு அதிர்வெண்களைக் கலந்து புதியது தரும் உறுப்பு) வைத்துக் கட்டுங்கள். ஏன் என்பது ஒவ்வொரு வழியையும் நெருங்கிப் பார்த்தால்தான் புரியும்.

நம் தீவில் இந்தக் கருவிகள் இவ்வளவு புழங்குவதற்குக் காரணம் உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்துக்கு முதலில் வந்தவற்றில் ஹியூலெட் பேக்கார்டும் ஒன்று. அதன் அளவைக் கருவிப் பிரிவு 1999-இல் அஜிலென்ட் ஆனது, 2014-இல் கீசைட் ஆனது, இன்றும் இங்கே இயங்குகிறது. சுற்றிலும் எத்தனையோ மின்னணுத் தொழிற்சாலைகள். அவை கழித்துவிடும் பெட்டிகள் கைமாறிக் கைமாறி வீட்டு மேசைக்கு வந்து சேர்கின்றன. எச்பி 8656பி இதற்கு நல்ல உதாரணம். 100 கிலோஹெர்ட்ஸ் முதல் 990 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். லெவல், அதாவது வெளியீட்டுச் சக்தி, +13 டிபிஎம்மிலிருந்து −127 டிபிஎம் வரை இறங்கும் (டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டை 0 என்று வைத்த டெசிபல் அளவு). இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பெட்டியையே மனத்தில் வைத்துப் பேசுகிறேன். மற்ற 1 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகளுக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

சரி, 2400 எதற்கு? பெரும்பாலும் கியூஓ-100-க்காக. கத்தாரின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர்களுக்காக வைத்திருக்கும் டிரான்ஸ்பாண்டர் (வாங்கிய சிக்னலை வேறு அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பும் கருவி) அது. 2018 நவம்பரில் ஏவப்பட்டது. நாம் 2400 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்ப வேண்டும், அது திருப்பி அனுப்புவது 10489.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து கேட்கும். செயற்கைக்கோள் கிழக்கு 25.9 பாகையில் நிற்கிறது. பினாங்கிலிருந்து கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட நேர் மேற்கே, தொடுவானத்துக்கு ஏறத்தாழ 7 பாகை மேலே. கோலாலம்பூரில் அது ஐந்தரைப் பாகைதான். ஜார்ஜ்டவுன் ஆள் டிஷ்ஷைத் திருப்பினால் குறுக்கே கொடிமலை வந்துவிடும். பாலிக் புலாவ் பக்கம் கடலைப் பார்த்த இடம் வேண்டும். இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் வேலை செய்யும்போது ஒவ்வொரு டெசிபலும் முக்கியம். டிரைவர் எவ்வளவு தருகிறது, பவர் ஆம்ப் எங்கே அழுந்த ஆரம்பிக்கிறது, ஃபில்டர் எவ்வளவு தின்கிறது என்பதை ஊகத்தில் விட முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, பாதி வேலைக்கு எந்த மாற்றமும் தேவையில்லை என்பது. கேட்கும் பக்கத்தில் சாதாரண டிவி எல்என்பி-தானே (டிஷ்ஷின் முன்னால் இருந்து அதிர்வெண்ணைக் கீழே இறக்கும் உறுப்பு) வைக்கிறோம். அதன் உள் ஆஸிலேட்டர் 9750. அப்படியானால் 10489.5 என்பது 739.5 மெகாஹெர்ட்ஸாக இறங்கி வருகிறது. அது 8656பி-யின் எல்லைக்குள் வசதியாக இருக்கிறது. எல்என்பி-க்குப் பின்னால் உள்ள கேபிள், ரிசீவர், ஃபில்டர் எல்லாவற்றையும் இருக்கிற பெட்டியாலேயே அளந்துவிடலாம். மாற்றுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் எது உண்மையில் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. சில பெட்டிகள் பெயர்ப்பலகையைத் தாண்டியும் ஓடும். எச்பி 8640பி-யில் 512 என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் 550 வரை போகும்.

இனி முதல் வழி, உள்ளே கை வைப்பது. ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆஸிலேட்டரில் ஒரு காயில், ஒரு வாரக்டர் (மின்னழுத்தத்தால் மாறும் கபாசிட்டர்), காயிலைக் கொஞ்சம் குறைத்தால் அதிர்வெண் ஏறும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஏறும்தான். ஆனால் அதிர்வெண் 20 விழுக்காடு ஏற வேண்டுமானால், காயிலும் கபாசிட்டரும் சேர்ந்த பெருக்கம் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைய வேண்டும். அப்படிக் குறைத்தாலும் 990 என்பது 1190 ஆகும், 2400 ஆகாது. அப்புறம் அந்த ஆஸிலேட்டர் தனியாக நிற்பதில்லை. பிஎல்எல் (ஆதார அதிர்வெண்ணோடு பூட்டி வைக்கும் சுற்று) அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் டிவைடர் ஒரு எல்லை வரைதான் எண்ணும். டியூனிங் வேகம் மாறினால் லூப் ஃபில்டரின் கணக்கும் மாறும், பூட்டிக்கொள்ளாமல் ஆடும், இல்லையென்றால் பூட்டிக்கொண்டே இரையும். வெளியேறும் வழியில் இருக்கும் லோ-பாஸ் ஃபில்டர்கள் புதிய அதிர்வெண்ணை வெட்டும். லெவலைச் சமன் செய்யும் டிடெக்டரும், ரோமில் எழுதிவைத்த திருத்த எண்களும் பழைய எல்லைக்கே பொருந்தும். அட்டெனுவேட்டர் (லெவலைக் குறைக்கும் உறுப்பு) 1 கிகாஹெர்ட்ஸுக்கென்று கட்டியது. முன்பலகை மென்பொருள் 990-க்கு மேல் எண்ணையே வாங்காது. ஒன்றைத் தொட்டால் பத்து இடத்தில் கை வைக்க வேண்டிவரும்.

இதையெல்லாம் ஒரு கெட்டிக்காரர் செய்து முடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. சிக்னல் ஜெனரேட்டரின் மதிப்பு அது தரும் அதிர்வெண்ணில் இல்லை. அதிர்வெண் இன்று நூறு ரிங்கிட்டுக்கே கிடைக்கிறது. −127 டிபிஎம் என்று பலகையில் காட்டினால் கேபிள் முனையிலும் −127 டிபிஎம்தான் இருக்கிறது என்ற உறுதிக்குத்தான் அந்தக் காலத்தில் அவ்வளவு விலை கொடுத்தார்கள். −127 டிபிஎம் என்பது 50 ஓமில் 0.1 மைக்ரோவோல்ட். உள்ளே பல மில்லிவாட் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே அவ்வளவு சிறிய சிக்னல் மட்டும் தெரிய வேண்டுமென்றால், ஒவ்வொரு உலோக மூடியும் ஒவ்வொரு திருகாணியும் சுற்றியுள்ள விரல் போன்ற தொடுதகடுகளும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் இருந்த மூடியை ஒருமுறை கழற்றினால், அதே இறுக்கத்தில் திரும்ப உட்காருவது நிச்சயமில்லை. கசிவு ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. ரிசீவர் உணர்திறனை அளக்கும்போது எண்கள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வரும், அப்போதுதான் சந்தேகம் வரும். மாற்றியமைத்த பெட்டியைப் பின்னால் அளவுத்திருத்தத்துக்கு அனுப்பினாலும், சேவைக் கையேட்டோடு பொருந்தாத கருவியை வைத்துக்கொண்டு ஆய்வகம் என்ன செய்யும்?

உள்ளே திறப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் இரண்டு. உற்பத்தியாளரே அந்த மாற்றத்துக்கு இடம் விட்டிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். 8640பி-க்கு ஆப்ஷன் 002 என்ற டபுளர் இருந்தது, அதைப் போட்டால் 1024 வரை போகும். இரண்டாவது, பெட்டி ஏற்கெனவே செத்துப்போய், பழுதுபார்க்க உதிரியும் இல்லையென்றால் அதிலிருந்து அட்டெனுவேட்டரைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஸ்டெப் அட்டெனுவேட்டர் ஒன்று கிடைத்தாலே அது பெரிய சொத்து.

இரண்டாவது வழி, பெட்டியை ஒதுக்கிவிட்டு ஏடிஎஃப்4351 என்ற அதிர்வெண் உருவாக்கும் சில் உள்ள பலகை ஒன்றை வாங்குவது. 35 மெகாஹெர்ட்ஸ் முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரே சில்லில். கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் அலைந்தாலும் சரி, இணையத்தில் சொன்னாலும் சரி, நூறு நூற்றைம்பது ரிங்கிட் அளவில் முடிந்துவிடும். 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆம்ப் வேலை செய்கிறதா, ஆண்டெனா எங்கே ஒத்திசைகிறது, கேபிளில் எவ்வளவு போகிறது என்று பார்க்க இது போதும். இன்னொரு அழகான பயனும் உண்டு. பலகையை 3496.5 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் அதன் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்) 10489.5-இல் விழும். முற்றத்தில் சில மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, எல்என்பி-யும் ரிசீவரும் உயிரோடு இருக்கின்றனவா என்று டிஷ்ஷை ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

ஆனால் இதை ஜெனரேட்டர் என்று நம்பக் கூடாது. வெளியீடு −4, −1, +2, +5 டிபிஎம் என்ற நான்கு படிகளில் மட்டும் வரும், அதுவும் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். சைன் அலைக்குப் பதில் சதுர அலைக்கு நெருங்கிய ஒன்று வரும். மூன்றாம் ஹார்மோனிக் அடிப்படை அலையைவிடப் பத்துப் பதினைந்து டெசிபல்தான் குறைந்திருக்கும். ஃபில்டர் போடாமல் பவர் மீட்டரில் படித்த எண் எதையும் சொல்லாது. இதையெல்லாம்விட மோசமானது கசிவு. திறந்த பலகையின் முன்னால் 100 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டாலும், பலகையே காற்றில் கதிர்வீசிக்கொண்டிருக்கும். 2.7 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு) ரிசீவரின் இரைச்சல் தளம் −140 டிபிஎம் பக்கம் இருக்கிறது. அதன் அருகே அளக்க வேண்டிய இடத்தில் இந்தப் பலகையைத் திறந்து வைத்தால் அளவீடே இல்லை. வார்ப்பு அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, மின்சாரத்தை ஃபீட்-த்ரூ கபாசிட்டர் வழியாகக் கொடுத்தால் நிலைமை வெகுவாக மாறும். அதைச் செய்கிற பொறுமை இருப்பவர்கள் அடுத்து வரும் வழிகளுக்கும் தகுதியானவர்கள்.

பலகையிலுள்ள கிரிஸ்டலையும் கவனியுங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 2400-இல் 2.4 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். அது கிட்டத்தட்ட முழு எஸ்எஸ்பி சானல் அகலம். 8656பி-யின் பின்புறம் 10 மெகாஹெர்ட்ஸ் வெளியீடு இருக்கிறது. அதைப் பலகைக்கு ஆதாரமாகக் கொடுங்கள். இல்லையென்றால் ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய ஆஸிலேட்டரிலிருந்து இரண்டுக்கும் கொடுங்கள்.

மூன்றாவது, பெருக்குவது. டபுளர் என்றால் 990 இரண்டு மடங்காகி 1980, அது நமக்குப் போதாது. ஆனால் 800-ஐ மூன்றால் பெருக்கினால் 2400 வந்துவிடுகிறது. எதிரெதிராக இணைத்த இரண்டு ஷாட்கி டயோடு, முன்னும் பின்னும் ஃபில்டர், அவ்வளவுதான் டிரிப்ளர். +13 கொடுத்தால் 15 முதல் 20 டெசிபல் வரை இழந்து வெளியே வரும், பின்னால் ஒரு சிறிய ஆம்ப் போட்டுக்கொள்ளலாம். வைஃபையின் புண்ணியத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஃபில்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. 800, 1600, 3200 எல்லாம் தள்ளித் தள்ளி இருப்பதால் அவற்றை ஒழிப்பதும் சுலபம். 23 செ.மீ. பட்டைதான் வேண்டும் என்பவருக்கு இன்னும் எளிது. 620 முதல் 650 வரை டபுளரில் விட்டால் 1240 முதல் 1300 வரை கிடைக்கும். ஒரே ஒரு பட்டை, நிலையான லெவல், கையில் செலவு செய்யக் காசில்லை என்றால் நானே இதைத்தான் சொல்வேன்.

இதன் குறை, பெட்டியின் நல்ல குணங்கள் வெளியே வரும்போது உருமாறிவிடுவது. 5 கிலோஹெர்ட்ஸ் எஃப்எம் விலகல் கொடுத்தால் 15 ஆக வெளிவரும், 10 ஹெர்ட்ஸ் படி 30 ஆகும், ஃபேஸ் இரைச்சல் ஒன்பதரை டெசிபல் ஏறும். ஏஎம் சிதைந்துபோகும். லெவலைப் பெட்டியின் குமிழால் குறைக்கவும் முடியாது. டயோடுகள் போதிய உந்துதல் இல்லாமல் வெளியீட்டைச் சரமாரியாகக் குறைத்துவிடும், 1 டெசிபல் குறைத்தால் 3 டெசிபல் இறங்கும். ஆகவே பெட்டியை எப்போதும் +13-இல் விட்டுவிட்டு, டிரிப்ளருக்கும் ஃபில்டருக்கும் பின்னால் தனி அட்டெனுவேட்டர் வைக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய 140 டெசிபல் லெவல் கட்டுப்பாடு சும்மா கிடக்கும்.

இந்த இடத்தில்தான் மிக்சர் ஜெயிக்கிறது. 432 மெகாஹெர்ட்ஸை 1968-ஓடு கலந்தால் 2400. டிரான்ஸ்வெர்ட்டர் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான எண்கள் இவை. 1968-ஐ அதே ஏடிஎஃப்4351 தரட்டும். அதன் உள்ளே ஆஸிலேட்டர் 3936-இல் ஓடும், இரண்டால் வகுத்து 1968 வெளியே வரும். அதை +7 டிபிஎம்முக்குக் கொண்டுவந்து இரட்டைச் சமநிலை டயோடு மிக்சரில் கொடுங்கள். 432-ஐ 8656பி கொடுக்கட்டும். மிக்சரில் 7 டெசிபல் போல இழப்பு, ஃபில்டரில் இன்னும் இரண்டு. பெட்டியை −10-இல் வைத்தால் வெளியே −19 பக்கம் வரும். பெட்டியில் 1 டெசிபல் குறைத்தால் வெளியே 1 டெசிபல் குறையும். 30 குறைத்தால் 30 குறையும். பெட்டியின் அட்டெனுவேட்டர், 10 ஹெர்ட்ஸ் படி, எஃப்எம் விலகல், ஏஎம் எல்லாமே அப்படியே 2400-க்கு ஏறிவிடுகின்றன. சீசாவிலிருந்து டம்ளருக்கு ஊற்றினாலும் பால் பால்தான், அதுபோல. இதற்காகத்தான் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்.

உள்ளீட்டை −10-க்கு மேல் ஏற்றாதீர்கள். இந்த வகை மிக்சர்கள் 0 டிபிஎம் தாண்டியதுமே அழுந்த ஆரம்பிக்கும், தேவையற்ற கலப்புகளும் எழும்பும். வெளியே கூடுதல் சக்தி வேண்டுமென்றால் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு எம்எம்ஐசி (ஒரே சில்லில் அடங்கிய) ஆம்ப் போடுங்கள், 20 டெசிபல் ஏறி 0 டிபிஎம் வந்துவிடும். மிக்சரின் மூன்று வாசலிலும் 3 டெசிபல் பேட் (நிலையான அட்டெனுவேட்டர்) வைத்தால் இழப்பு கூடுமே என்று தயங்க வேண்டாம். டயோடு மிக்சருக்கு 50 ஓம் தெரிவது அந்த இழப்பைவிட முக்கியம்.

மிக்சரின் பலவீனம் எல்ஓ (கலப்பதற்குக் கொடுக்கும் ஆஸிலேட்டர்) கசிவு. +7-இல் கொடுத்த 1968, மிக்சரின் தனிமைப்படுத்தல் 30 டெசிபல் என்றால், −23-இல் வெளியே வரும். ஃபில்டர் 40 டெசிபல் வெட்டினால் −63. நீங்கள் 2400-இல் −100 டிபிஎம் கொடுத்து ஒரு ரிசீவரை அளக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அதைவிட 37 டெசிபல் பெரிய அந்நியன் ஒருவன் பக்கத்திலேயே நிற்கிறான். குறுகிய பட்டை ரிசீவர் அவனைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், பவர் மீட்டர் அவனை மட்டும்தான் காணும். 1968-உம் 2400-உம் 432 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால், மூன்று கம்பி இன்டர்டிஜிட்டல் ஃபில்டர் ஒன்றைப் பித்தளைத் தகட்டில் நீங்களே செய்துகொண்டால் 40 என்பது 50, 60 ஆகும். மறுபக்கப் பிம்பம் 1536-இல் விழுகிறது, அது அதோடு தானாகப் போய்விடும். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் ஃபில்டருக்குப் பின்னால் 20 டெசிபல் நிலையான பேட் ஒன்றைப் போட்டு, பெட்டியின் லெவலை 20 உயர்த்திக்கொள்ளுங்கள். கசிவு மட்டும் 20 இறங்கும், வேண்டிய சிக்னல் அதே இடத்தில் இருக்கும்.

ஒரே அதிர்வெண்ணில் அளந்த இழப்பை எல்லா இடத்துக்கும் பொருத்தாதீர்கள். 2400-இலிருந்து 2401 வரை சில புள்ளிகளில் அளந்து, திருத்த எண்களைத் தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். இதைச் செய்ய ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். டைனிஎஸ்ஏ அல்ட்ரா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேலும் பார்க்கும், இந்த வேலைக்குப் போதும். பழைய டைனிஎஸ்ஏ 960 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதை நம்பி டிரிப்ளரோ மிக்சரோ கட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. ஹார்மோனிக்கை வைத்தே எல்லையை நீட்டும் கருவிகளுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதற்கு முதல் நானோவிஎன்ஏ (ஆண்டெனா, ஃபில்டர் அளக்கும் கையடக்கக் கருவி) நல்ல சாட்சி. அதன் எஸ்ஐ5351 சில் 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான் நேராகத் தரும், அதற்கு மேல் 900 வரை ஹார்மோனிக்கில்தான் ஓடுகிறது. மேலே போகப் போக அளக்கக்கூடிய ஆழம் குறைந்துகொண்டே வரும்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. மேசையில் கட்டிய மூலத்தை டம்மி லோடிலும் கேபிளிலும் மூடிய சுற்றாக வைத்து அளப்பது ஒன்று, ஆண்டெனாவில் மாட்டுவது முற்றிலும் வேறு. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் எம்சிஎம்சி ஆணையம் ஒதுக்கியதுதான் அலைக்கற்றை. 9எம்2 அல்லது 9டபிள்யூ2 அழைப்புக்குறி உள்ளவர் தன் வகுப்புக்கு அனுமதித்த பட்டைக்குள் நிற்க வேண்டும். 2400-க்கு மேல் பக்கத்து வீடு முழுக்க வைஃபைதான். முதல் சானலே 2401-இலிருந்து ஆரம்பிக்கிறது. ஃபில்டர் இல்லாத டிரிப்ளரை ஆண்டெனாவில் மாட்டிப் பார்ப்பது தாமானில் குடியிருக்கிற எல்லோருக்கும் தொல்லை.

கடைசி வழி, மேல் எல்லை போதுமான பெட்டியை வாங்கிவிடுவது. இதில் எண்களைக் கூர்ந்து பாருங்கள். எச்பி 8657பி 2060 வரை, அதனால் ஆகாது. 8648பி 2000, ஆகாது. மார்கோனியின் 2024 என்ற மாடல் நல்ல பெட்டி, ஆனால் அதன் மேல் எல்லை சரியாக 2400. நாம் மேலே அனுப்பும் பட்டை தொடங்கும் இடத்தில் அது முடிகிறது! 8648சி 3200 வரை போகும், அதுதான் பொருந்தும். புதிதாக வேண்டுமென்றால் சிக்லென்ட்டின் எஸ்எஸ்ஜி3032எக்ஸ் 3.2 கிகாஹெர்ட்ஸ் தருகிறது, 3021எக்ஸ் 2.1-இல் நின்றுவிடும். ஒரே பெட்டியை இரண்டு எல்லையில் விற்கும் நிறுவனங்கள் இருந்தால், மேல் எல்லையை உரிமம் வாங்கித்தான் திறக்க வேண்டும், திருட்டுக் குறியீட்டால் திறப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பழைய பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எடைக்குக் கொடுக்கும் கூலி சில நேரம் பெட்டி விலையை எட்டிவிடும், ஆகவே பினாங்கிலோ கிள்ளான் பள்ளத்தாக்கிலோ நேரில் பார்த்து வாங்குவதே மேல். வாங்கும்போது மின்சாரம் போட்டு அரை மணி நேரம் சூடாகவிட்டு, லெவலைப் படிப்படியாக இறக்கி ஒவ்வொரு அட்டெனுவேட்டர் ரிலேயும் தட்டுகிற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஒரு படி தவறினாலும் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

தொழிற்சாலை வேலைக்கு, வாடிக்கையாளருக்கு அறிக்கை கொடுக்க, அளவுத்திருத்தச் சான்றிதழ் தேவைப்படுகிற இடத்துக்கு என்றால் மேலே சொன்ன மிக்சர், டிரிப்ளர் எதுவும் வேண்டாம். சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சான்றளித்த கருவியை வாங்குங்கள், ஒரு மாத வேலைதான் என்றால் வாடகைக்கு எடுங்கள். வீட்டு மேசைக்கும், பள்ளி வானொலிக் கழகத்துக்கும், நிபோங் திபால் பிள்ளையின் கடைசி ஆண்டுத் திட்டத்துக்கும் மிக்சர் போதும். ஒரு பலகை, ஒரு மிக்சர், ஒரு ஃபில்டர், மூன்று பேட், ஒரு வார்ப்புப் பெட்டி. பட்டை மாறினால் எல்ஓ எண்ணையும் ஃபில்டரையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், 8656பி தன் மூடிகளோடு அப்படியே இருக்கும்.